தொட்டி உள்ளே, கதவு வெளியே

மார்கரெட்டுக்கு வேண்டியதெல்லாம் ஒரு தாழ்ப்பாள். உள்பக்கமாகப் போட்டால் வெளியே யானை வந்து முட்டினாலும் திறக்காத தாழ்ப்பாள். அது மட்டும் குளியலறையில் இருந்துவிட்டால் போதும், மீதி வீட்டை இவர்கள் அரண்மனையாகக் கட்டினாலும் சரி, ஆட்டுப்பட்டியாகக் கட்டினாலும் சரி, அவள் ஒரு வார்த்தை பேசுவதாக இல்லை.

பிறந்ததிலிருந்து அவள் நிம்மதியாகக் குளித்த குளியல்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினால் பாதி விரல் மிச்சமாகிவிடும். வேடந்தாங்கல் பக்கத்தில் ஒரு கிராமத்தில், அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்தவள். குடிசைக்குப் பின்னால் நான்கு கீற்றுத் தட்டி, நடுவில் ஒரு பலகைக் கல், வாசலுக்கு அம்மாவின் கிழிந்த புடவை. அதுதான் குளிக்கிற இடம். மேலே கூரை கிடையாது. பனிக்காலத்தில் தூரதேசத்திலிருந்து வருகிற கொக்கும் நாரையும் நேராக ஏரிக்குப் போகாது. இந்தத் தட்டிக்கு மேல் ஒரு வட்டம் அடித்து, யார் குளிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் போகும். கல்யாணமாகி செங்கல்பட்டில் வாடகை வீடுகள். ஒவ்வொன்றிலும் நான்கு குடித்தனத்துக்கு ஒரு குளியலறை, தகரக் கதவு, கொக்கிக்குப் பதில் ஒரு கம்பி. ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் சோப்பும் போட்டுத் தண்ணீரும் ஊற்றிக்கொள்கிற வித்தையில் அவளை வெல்ல அந்த மாவட்டத்தில் ஆளே இல்லை. சர்க்கஸ்காரர்கள் பார்த்திருந்தால் கையோடு கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். காலையிலிருந்து மாலைவரை நின்றுகொண்டே இருக்கிற வேலை. ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. ஆனால் அவளுடைய முழங்கால்கள் இரண்டும் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டன. "நர்சம்மா", "நர்சம்மா" என்று கூப்பிடுகிற குரல் பேருந்து ஏறிய பிறகும் காதுக்குள் ஒலிக்கும். அந்தக் குரல் நுழையாத ஓர் இடத்தில், வெந்நீரைக் காலில் ஊற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பேராசைதான். ஆனால் கேட்டது அவ்வளவுதான்.

ஊரப்பாக்கத்தில் கடைசியில் சொந்த வீடு எழும்பியது. அவள் கணவர் ஏசுபாதம் கல்பாக்கத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் சிநேகா நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அடுக்களைக்கும் படுக்கையறைக்கும் அப்பாவும் மகளும் சண்டை போடவில்லை. குளியலறைக்கு மட்டும் ஒரு பானிப்பட்டே நடந்தது.

"அப்பா, பாத்ரூம்னா ஒரு கண்ணாடி, மேல மழை மாதிரி ஒரு ஷவர், ஆள் வந்தா தானா எரியற லைட்டு. அவ்ளோதான். நீ இன்னா கோட்டையா கட்டப் போற?" என்றாள் சிநேகா.

"கோட்டை இல்லமா. பெரிய வூட்டு குளிக்கிற ரூம்பு. கல்தொட்டி. நான் கண்ணால பாத்தது."

"ஆரம்பிச்சிட்டியா. அந்த வூடு இடிஞ்சே போயிருக்கும். நீ இன்னும் அத்த வுடல."

விடமாட்டார். ஏசுபாதத்தின் அம்மா அவர்கள் கிராமத்துப் பெரிய வீட்டில் தண்ணீர் தூக்கினவள். வீட்டுக்குள் போகக் கூடாது. ஆகவே பின்சுவரில் ஒரு ஓட்டை விட்டு, அதில் கல்லால் ஒரு வாய்க்கால் பதித்திருந்தார்கள். வெளியே நின்று குடத்தைக் கவிழ்த்தால் உள்ளே இருக்கிற கல்தொட்டியில் போய் விழும். அம்மா கிணற்றுக்கும் சுவருக்கும் நடந்துகொண்டிருக்க, சின்னப் பையன் ஏசுபாதம் அந்த ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். உள்ளே ஒரே புகையும் ஆவியும். அந்த மூட்டத்துக்கு நடுவில் தொட்டியின் விளிம்புக்கு மேலே பெரிய வீட்டுக்காரரின் தலையும் தோளும் மட்டும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு, எமனே வந்து கூப்பிட்டாலும் குளித்துவிட்டு வருகிறேன் என்று சொல்கிற முகம்.

"தொட்டிக்குள்ள சாஞ்சி உக்காந்துகினு இருப்பாரு. கழுத்து வரிக்கும் தண்ணி. எங்கம்மா ஊத்துன தண்ணி," என்பார் ஏசுபாதம். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கும். "ஒரு நாளாச்சும் நானும் அப்டி உக்காரணும்."

அந்த இடத்தில் மார்கரெட் வாயைத் திறக்கமாட்டாள். அது வேறு விதமான தாழ்ப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

கடைசியில் அப்பாவும் மகளும் சமாதானம் ஆனார்கள். பழையதும் புதியதும் கலந்து ஒரு குளியலறை. சிநேகா செல்போனில் அதுமாதிரி படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். வெளிநாட்டுக்காரர்கள் வெண்கலக் குழாயும் கருங்கல் சுவருமாக, ஒரு செடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஆகவே தீர்ப்பு: கல்தொட்டி அப்பாவுக்கு, ஷவரும் விளக்கும் மகளுக்கு. கக்கூஸ் தனியாக வெளியே. வரைபடத்தில் இருந்த இரண்டு குளியலறைக்கான இடத்தையும் சேர்த்து ஒரே அறை. அதைக் குளியலறை என்று சொல்லக் கூடாது. இன்னும் கொஞ்சம் நீட்டிக் கட்டியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை பூசையே வைத்திருக்கலாம்.

"அம்மா, உனக்கு இன்னா வேணும்?" என்றாள் சிநேகா, எல்லாம் முடிந்த பிறகு.

"தாழ்ப்பா."

"அது இருக்கும்மா. டிசைன்ல இன்னா வேணும்னு கேக்கறேன்."

"நல்ல தாழ்ப்பா," என்றாள் மார்கரெட்.

மாமல்லபுரத்துக்குத் தொட்டி சொல்லப் போனபோது ஏசுபாதம் அவளையும் இழுத்துக்கொண்டு போனார். ரோட்டோரம் முழுக்கக் கல்பட்டறைகள். உளிச் சத்தத்தில் அங்கே இருக்கிற காக்காய்கள்கூடத் தாளம் போட்டுத்தான் கத்தும். வரதன் என்பவரின் பட்டறையில் பாதி முடிந்த யானை ஒன்று படுத்திருந்தது. மார்கரெட் அதன் முதுகில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"எந்த ரிசார்ட்டுக்கு சார்?" என்றார் வரதன்.

"ரிசார்ட்டு இல்ல. வூட்டுக்கு."

வரதன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அளவு?"

ஏசுபாதம் இரண்டு கையையும் விரித்தார். போதவில்லை. நாலு எட்டு நடந்து காட்டினார். "ஒரு ஆளு கால் நீட்டி சாஞ்சா கழுத்து வரிக்கும் தண்ணி நிக்கணும். இன்னொரு ஆளும் உக்காரலாம் போலக் கீதேன்னு பாக்கறவனுக்குத் தோணணும். ஆனா உக்காரக் கூடாது."

சின்ன வயதில் பார்த்த தொட்டி. எட்டு வயதுக் கண்ணுக்கு ஏரியாகத் தெரிந்திருக்கும். அந்த ஏரியைத்தான் இப்போது கருங்கல்லில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாசல் எவ்ளோ அகலம் சார்?"

"வாசலு இன்னா வாசலு. நம்ப வூட்டு வாசல் நம்ப பேச்சக் கேக்காதா? நீ மொதல்ல தொட்டிய முடி."

"எனக்கு ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டு போதும்," என்றாள் மார்கரெட் யானை மேலிருந்து. வரதன் அவளை மரியாதையாகப் பார்த்தார். ஆனால் அளவுகோலை எடுத்துக்கொண்டு ஏசுபாதத்திடம்தான் போனார்.

கல்தச்சர்கள் தொட்டியைக் குடைந்துகொண்டே இருந்தார்கள். பல்லவர்கள் ஒரு மலையையே குடைந்து முடித்திருப்பார்கள், இவர்கள் தொட்டி முடிந்தபாடில்லை. அதற்குள் வீடு முடிந்து, பாதிரியார் வந்து மந்திரித்து, குடியேறியும் ஆகிவிட்டது. குளியலறைக்குத் தோட்டத்துப் பக்கமாகக் கதவும் மாட்டியாயிற்று. தாழ்ப்பாளை மார்கரெட்டே கூடுவாஞ்சேரிக்குப் போய் வாங்கி வந்தாள். கடையில் இருந்ததிலேயே தடியானதைக் கேட்டாள்.

"குடோனுக்காமா?" என்றான் கடைக்காரன்.

"குளிக்கறதுக்கு."

அந்தச் சில வாரங்கள் அவள் ராணியாக இருந்தாள். வேலையிலிருந்து வந்ததும் உள்ளே போவாள், தாழ்ப்பாளைத் தள்ளுவாள். ஒரு சிறைக்கதவு மூடுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில் அவள் முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகத் தளர்ந்து இறங்கும். பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, பக்கெட்டிலிருந்து மொண்டு மொண்டு முழங்காலில் ஊற்றிக்கொள்வாள். சிநேகாவின் விளக்கு மட்டும் அவ்வப்போது படுத்தும். ஆள் அசைந்தால்தான் எரியும். இவள் சும்மா உட்கார்ந்திருந்தால், போய்விட்டாள் போலிருக்கிறது என்று அணைந்துவிடும். கையை ஆட்டி, நான் இன்னும் இருக்கிறேன் என்று அதற்குச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் போகிறாள். கதவைத் தட்டி யாரும் கூப்பிடவில்லையே.

ஒரு சனிக்கிழமை தொட்டி வந்து இறங்கியது.

லாரியும் கிரேனும் தெருவுக்குள் நுழைந்தபோது எதிரும் புதிருமாக எல்லாம் நின்றுவிட்டது. பால் வண்டி நின்றது, பள்ளி வேன் நின்றது, மார்கழிக்கு முன்னமே கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கையில் மாவோடு நின்றுவிட்டாள். தொட்டி தரையில் அமர்ந்தபோது தாம்பரம்வரை டம்ளர்கள் குலுங்கின. எதிர் அடுக்ககத்தில் எல்லாத் தளத்திலும் ஆட்கள் பால்கனிக்கு வந்து, சாமி சிலையா, சவப்பெட்டியா என்று விவாதித்தார்கள்.

வீடு கட்டிய மேஸ்திரி துரை வந்து தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு குளியலறை வாசலை ஒரு பார்வை பார்த்தான்.

"அண்ணாத்த, இது இன்னா வூட்டுக்குத் தொட்டியா, தொட்டிக்கு வூடா?"

"நக்கல வுடு. உள்ள போவுமா, போவாதா?"

"தொட்டி போவும். வூடுதான் நிக்குமான்னு தெரியல."

நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், ஏசுபாதம் ஜெபம்கூடப் பண்ணிப் பார்த்தார். தொட்டி ஒரு நூல் இளைக்கவில்லை. ஆகவே சுவரை இடித்தார்கள். கதவு நிலையோடு பெயர்ந்து வந்தது. பக்கத்துச் சுவரும் பாதி போயிற்று.

மார்கரெட் அன்றைக்குத் தடுப்பூசி முகாம் முடிந்து வந்தாள். தெருமுனையிலேயே தூசி தெரிந்தது. தோட்டத்துப் பக்கம் வந்து பார்த்தால், குளியலறையின் ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. உள்ளே தொட்டி, ராஜா மாதிரி. வெளியே மதில்மேல் சாய்ந்து கதவு நின்றிருந்தது. தாழ்ப்பாள் பூட்டியே இருந்தது. ஒன்றையும் பூட்டாமல் தனியாகப் பூட்டியிருந்தது.

அவள் கைப்பையை இறக்கவில்லை. "கதவு எப்ப மாட்டுவ, துரை?"

"ரெண்டு நாள்ல செவுரு வெச்சிடலாம் நர்சம்மா. கவலய வுடு. அதுவரிக்கும் ஒரு தார்ப்பாய் கட்டிக் குடுக்கறேன், சும்மா ஜம்முனு இருக்கும்."

நீல நிறத் தார்ப்பாய் ஒன்றைக் கட்டிவிட்டுப் போன துரை, போனவன்தான். ஏசுபாதம் போன் போடுவார். "வந்துகினே கீறேன் அண்ணாத்த" என்பான். வண்டி ஓடுகிற சத்தமும் பின்னால் கேட்கும். அவன் வந்துகொண்டே இருந்ததைக் கூட்டிப் பார்த்தால் இந்நேரம் காசிக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். ஊரப்பாக்கத்துக்கு மட்டும் வந்து சேரவில்லை.

சிநேகா ஆபீஸ் ஜிம்மில் குளித்துக்கொண்டாள். ஏசுபாதம் தோட்டத்துக் குழாயடியில் லுங்கியோடு குளித்துக்கொண்டார். ஆண்பிள்ளைக்கு உலகமே குளியலறை. மிச்சம் இருந்தது மார்கரெட்தான். சாயங்காலம் கடல்காற்று கிளம்பி கோவளத்திலிருந்து நேராக இந்தத் தார்ப்பாயைத் தேடிக்கொண்டு வரும். ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் தூக்கும். அவள் மூலையை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குளித்தாள். விளக்கோ, அவள் அசைந்த மாத்திரத்தில் பளிச்சென்று எரிந்து, அவள் நிழலைத் தார்ப்பாயில் பெரிதாக வரைந்து, எதிர் அடுக்ககத்துக்குத் தோல்பாவைக் கூத்து நடத்தியது. அதன்பிறகு அவள் ஒரு ஓரத்தில் குந்தி, இரண்டே சொம்பு ஊற்றிக்கொண்டு வெளியே வந்துவிடப் பழகினாள். மேலில் சோப்பு பாதி ஒட்டியிருக்கும். அப்படியே படுத்துவிடுவாள்.

"இன்னா மார்கரெட்டு, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்பார் ஏசுபாதம்.

"தூக்கம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் அவர் சொன்னார்: "இன்னிக்கி தொட்டில உக்காரப் போறேன்."

உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு, புது வேட்டியை முழங்காலுக்கு மேல் கட்டிக்கொண்டு, வெறும் தொட்டிக்குள் முதலில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் தன்மேல் ஏறி வருவதைப் பார்க்க வேண்டுமாம். சிநேகா செல்போனில் படம் பிடித்தாள். பிறகு ஆபீஸிலிருந்து அழைப்பு வந்து, மாடிப்படிக்குப் போய் இங்கிலீஷில் பேசத் தொடங்கினாள்.

மொட்டைமாடியில் இருந்த சூரிய ஹீட்டர் இரண்டு பக்கெட்டு வெந்நீர் தந்துவிட்டு, மூன்றாவதுக்குப் பச்சைத் தண்ணீரை நீட்டியது. தொட்டியின் அடிகூட நனையவில்லை. மார்கரெட் அடுப்பில் குண்டானை ஏற்றினாள். காய்ந்ததும் தூக்கிக்கொண்டு வந்து ஊற்றினாள். மறுபடி ஏற்றினாள். கருங்கல் என்ன லேசுப்பட்டதா? சூரியனையே இறக்கி வைத்தாலும் ஒரு ஏப்பம் விட்டுக் குளிர்ந்துபோகும். வெந்நீர் உள்ளே விழுந்த கணத்தில் கிணற்றுத் தண்ணீராகிவிட்டது. அடுக்களைக்கும் தொட்டிக்கும் அவள் நடந்த நடையில் திண்டிவனம் போயிருக்கலாம்.

"தொப்புள் வரிக்கும் வந்திட்ச்சி மார்கரெட்டு. கழுத்து வரிக்கும் வரணும்."

அவள் ஊற்றினாள்.

"சூடு பத்தல. குளுருது. இன்னும் ரெண்டு குண்டான் ஊத்து, சரியாப் பூடும்."

அவள் குண்டானைத் தரையில் வைத்தாள். மூச்சு இரைத்தது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பெரிய வூட்ல தண்ணி ஊத்துனது யாருய்யா?"

"அதான் சொன்னனே. எங்கம்மா."

"எத்தினி கொடம் ஊத்துவாங்க?"

அவர் யோசித்தார். "அது யாரு எண்ணுனா. காலையில ஆரம்பிச்சா ஊத்திகினே இருக்கும்."

"இந்த வூட்ல ஊத்தறது யாரு?"

ஏசுபாதம் குண்டானைப் பார்த்தார். தாடையில் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து சொட்டின. அவள் கோபமாகக் கேட்டிருந்தால் அவரும் ஏதாவது சொல்லியிருப்பார். கோபப்படுவதற்கு அவளிடம் தெம்பு இல்லை.

"எனக்குக் கால் வலிக்குது. நீ ஏந்துருச்சினாலும் சரி, அப்டியே கெடந்தாலும் சரி. நான் போய்ப் படுக்கறேன்."

போனவள் திரும்பி வர வேண்டியிருந்தது. எண்ணெயில் வழுக்கி அவரால் எழுந்திருக்க முடியவில்லை. பிரசவ வார்டில் பழகின கை. கக்கத்தில் கொடுத்து ஒரே தூக்கில் நிற்க வைத்தாள். துண்டைப் போர்த்திக்கொண்டு போய்க் கூடத்தில் உட்கார்ந்தவர், மத்தியானச் சாப்பாட்டுக்குக் குழம்பு ஊற்றினபோதுகூட போதும் என்று கை காட்டவில்லை.

திங்கட்கிழமை சுகாதார நிலையத்தில் காய்ச்சல் கும்பல். உட்கார நேரமில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது கால் இரண்டும் யாரோ கொடுத்த இரவல் கால்கள் மாதிரி இருந்தன. ஏசுபாதம் தொட்டியைக் கழுவிவிட்டு, குழாயைப் போட்டு நிரப்பி வைத்திருந்தார். பக்கத்தில் மூடிபோட்ட ஒரு குண்டானில் வெந்நீரும் இருந்தது. அவரே தூக்கி வந்திருக்க வேண்டும்.

தார்ப்பாய் அடித்துக்கொண்டது. எங்கே உட்கார்ந்தால் தெரியாது என்று அவள் பார்த்தாள். ஷவருக்கு அடியில் தெரியும். மூலையில் குந்தினாலும் இன்றைக்கு முழங்கால் மடங்காது. தொட்டிக்கும் உள்சுவருக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. முக்காலியை அங்கே தள்ளி உட்கார்ந்தாள். முன்னால் கருங்கல், கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும். பின்னால் சுவர். தார்ப்பாய் தூக்கிக்கொண்டு போகட்டும், கல்லைத் தாண்டி என்ன தெரிந்துவிடும்? வெந்நீரைப் பக்கெட்டில் ஊற்றி, தொட்டியிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு விளாவினாள். தொட்டி வெறும் தண்ணீர்த் தொட்டியாக இருந்தால் நல்ல தொட்டிதான் என்று நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"மார்கரெட்டு."

கூப்பிட்டாயிற்று. கண்ணைத் திறந்தாள். தார்ப்பாயின் ஒரு முனை மேலே ஏறி நின்றது. தோட்டத்தில், மோட்டாரை அணைக்கக் குனிந்த ஏசுபாதம் குனிந்தவாக்கிலேயே இவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா? தார்ப்பாய இழுத்து வுடு."

"நீ தொட்டிக்குள்ளயா கீற?"

"எனக்கு இன்னா பைத்தியமா? வெளியத்தான் உக்காந்துகினு கீறேன். முக்காலி மேல."

"உள்ள உக்காந்த மாதிரியே கீது. தலையும் தோளும் மட்டும் தெரியுது."

"தெரிஞ்சா இன்னா? நீ எதுக்குப் பாக்கற?"

அவர் மெல்ல நிமிர்ந்தார். தொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் கையில் இருந்த சொம்பைப் பார்த்தார்.

"அந்தப் பெரிய வூட்டு ஆளும் உள்ள உக்காரல மார்கரெட்டு," என்றார். "அந்தப் பக்கமா உக்காந்துகினு மொண்டு ஊத்திகினு இருந்திருக்கான். தொட்டி, தண்ணி வெக்கறதுக்கு."

சொம்பு பாதியில் நின்றது. மார்கரெட்டுக்கும் அது உடனே விளங்கிவிட்டது. விளங்கினதும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஏசுபாதம் பிறந்த தெருவில் அந்தப் பெரிய வீட்டு அறைக்குள் கால் வைத்தவர் ஒருத்தரும் கிடையாது. ஊற்றினவள் சுவருக்கு வெளியே. பார்த்தவன் ஓட்டையில். தொட்டியை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று யார் வந்து இவரிடம் சொல்லியிருப்பார்கள்? இத்தனை வருஷமாக அவளும்தானே இந்தக் கதையைக் கேட்டாள். ஒரு நாளாவது, அப்படி யாராவது உட்கார்வார்களா என்று கேட்கத் தோன்றவில்லையே. அவளுக்கு மட்டும் என்ன தெரியும்? அவள் பார்த்தது கீற்றுத் தட்டி.

"அம்பது வருசம்," என்றார் ஏசுபாதம். "கிரேன் வெச்சி எறக்கனேன். செவுத்த இடிச்சேன்."

"சரி வுடு."

"வரதன் கேட்டான், வாசல் எவ்ளோ அகலம்னு. நான் இன்னா சொன்னேன் பாத்தியா?"

"யோவ். நான் சோப்பு போட்டுகினு உக்காந்துகினு கீறேன். காத்து அடிக்குது. அத்த அப்பறம் பேசலாம். இப்ப அந்தக் கதவ எட்த்துகினு வா."

"கதவா? மாட்டறதுக்கு நெலையே இல்லியே."

"மாட்ட வேணாம். இங்க வெச்சி புடிச்சிகினு நில்லு."

அவர் போனார். மதிலோரத்திலிருந்து மரம் சிமெண்டில் தேய்கிற சத்தம் கேட்டது, நடுவில் நின்றது, மறுபடி கேட்டது. நிலையோடு சேர்ந்த கதவு, அவர் தனி ஆள். ஓட்டைக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். இடித்த இடம் கதவைவிட அகலம். மிச்ச இடத்துக்குத் தார்ப்பாயை இழுத்துக் காலால் மிதித்துக்கொண்டார். கதவில் முதுகைக் கொடுத்து, வெளிப்புறம் பார்த்துக்கொண்டு நின்றார். வெளிச்சம் நின்றது. காற்று நின்றது.

மார்கரெட் பக்கெட்டில் விரலை விட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது. முழங்காலில் ஊற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் தோட்டத்துக் கேட் திறக்கிற சத்தம். சிநேகா.

"இன்னாப்பா பண்ற?"

"கதவா நிக்கிறேன்."

"அம்மா எங்க?"

"உள்ள."

"எவ்ளோ நேரமா நிக்கிற?"

"உங்கம்மா இன்னும் ஆரம்பிக்கவே இல்ல போல கீது."

"நான் வேணா புடிச்சிக்கட்டா? நீ போய் ஒக்காரு."

"வேணாம். நீ போய் டீ போடு. எனக்கு வேணாம், அவளுக்கு."

செருப்புச் சத்தம் வீட்டுக்குள் போயிற்று. எதிர் அடுக்ககத்தில் யாரோ ஒரு குழந்தைக்கு அவரைக் காட்டிச் சோறூட்டுவது கேட்டது. அவர் அசையவில்லை. அசைந்தால் கதவும் அசையும்.

"மார்கரெட்டு."

அவள் மறு முழங்காலுக்குச் சோப்பு போட்டாள்.

"இடுப்பு புடிச்சிகிச்சி. கொஞ்சம் சீக்கிரம் வர்றியா?"

அவள் தொட்டியிலிருந்து இன்னொரு சொம்பு மொண்டாள். பக்கெட்டில் விட்டு, கையால் கலக்கி, சூடு பதமாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில துரை வூட்டுக்கே போயி, கையோட கூட்டிகினு வா," என்றாள். "வரலன்னா நாளைக்கும் நீதான்."

வெளியே மரத்தில் முதுகு நகர்ந்து வாகாகச் சாய்கிற சத்தம்.

"சரி," என்றார் ஏசுபாதம்.

அவள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.